புகைக்கும் மூக்குக்கும் இடையிலான தூரம்

நாளிதழ்களும் கைப்பேசிச் செயலிகளும் அன்றாடம் வெளியிடும் காற்றுத் தரக் குறியீடு, ஒரு நகரத்தின் சில இடங்களில் நிறுவப்பட்ட கருவிகள் அளந்த மாசுச் செறிவைச் சுருக்கிச் சொல்லும் ஓர் எண்ணாகும். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் மாசு மிதக்கிறது என்பதையே செறிவு என்கிறோம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் நோய் உண்டாவது மனிதர் மூச்சில் இழுக்கும் காற்றால்தான். ஒருவர் அன்று எங்கெங்கே இருந்தார், அங்கங்கே எவ்வளவு நேரம் இருந்தார், நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்கினார் என்பவை எல்லாம் சேர்ந்தே அவர் மாசுக்கு உள்ளாகும் அளவைத் தீர்மானிக்கின்றன. செறிவு வேறு, உள்ளாகும் அளவு வேறு என்பது சொன்ன மாத்திரத்தில் விளங்கிவிடும் உண்மைதான் என்றாலும், காற்று மாசுக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் நெடுங்காலம் இந்த வேறுபாடு கணக்கில் வரவேயில்லை. அதன் விளைவாக, மிகுதியான புகையை உட்கொண்டவர்களே கணக்கேடுகளில் மிகக் குறைவாக இடம்பெற்றார்கள்.

இந்த வேறுபாட்டை அழுத்தமாக நிறுவியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நலவியல் அறிஞர் கிர்க் ஸ்மித். அவரும் இந்திய ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் குஜராத்தின் நான்கு சிற்றூர்களுக்குச் சென்று, விறகும் வரட்டியும் எரியும் அடுப்பின் முன் அமர்ந்து சமைக்கும் பெண்களே அணிந்துகொள்ளும்படியாகச் சிறு கருவிகளைப் பொருத்தி, அவர்களது மூக்கருகே இருந்த காற்றை அளந்தார்கள். 1983இல் வெளியான அந்த ஆய்வின்படி, சமைக்கும் நேரத்தில் அப்பெண்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 7 மில்லிகிராம், அதாவது 7,000 மைக்ரோகிராம் துகள் இருந்தது. காற்று மாசு என்றாலே ஆலைப் புகைபோக்கியும் வாகனப் புகையும்தான் நினைவுக்கு வந்த அக்காலத்தில், ஆலையும் நெடுஞ்சாலையும் இல்லாத ஊர்களின் சமையலறைகளில் எந்தப் பெருநகர வீதியிலும் காண முடியாத செறிவு பதிவானது, மாசு பற்றிய சிந்தனையையே திசைமாற்றக்கூடிய செய்தியாகும். அது உரிய கவனத்தைப் பெறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின என்பது வருந்தத்தக்கது.

ஸ்மித்தும் அவரைச் சார்ந்த ஆய்வாளர்களும் பின்னர் வளர்த்தெடுத்த 'உள்ளிழுப்பு விகிதம்' என்னும் கருத்து, இந்தப் புதிரை ஒரே கணக்கில் விளக்கிவிடுகிறது. ஒரு மூலத்திலிருந்து வெளியேறும் மாசில் எத்தனை பங்கு யாரேனும் ஒரு மனிதரின் மூச்சுக்குள் போய்ச் சேர்கிறது என்பதே அந்த விகிதம். அனல் மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வெளியேறும் துகள் காற்றில் கலந்து, நெடுந்தூரம் பரவி, மழையோடு இறங்கி, மண்ணில் படிந்துபோவதால், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் மனித நுரையீரலை எட்டுகிறது. நகரச் சாலையில் ஓடும் வாகனத்தின் புகை மக்களுக்கு அருகிலேயே வெளியேறுவதால் அவ்விகிதம் பத்து மடங்கோ நூறு மடங்கோ கூடிவிடுகிறது. சாளரம் சிறுத்த சமையலறையில் எரியும் அடுப்பின் புகையிலோ ஆயிரத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அங்கிருப்பவர்களின் மூச்சுக்குள் போகிறது. வீட்டுக்குள் வெளியேறும் ஒரு கிராம் மாசு, வெளியில் வெளியேறும் ஒரு கிராமைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாக மனித உடலுக்குள் சேரும் வாய்ப்புடையது என்பதை ஸ்மித் ஒரு தோராய விதியாகவே கூறிவந்தார். புகைக்கும் மூக்குக்கும் இடையிலான தூரம் எவ்வளவு முதன்மையானது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

தூரத்தைக் கடந்து மூக்கை எட்டும் துகள்களுள் மிகுந்த கேடு விளைப்பவை நுண்துகள்கள், அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத குறுக்களவு கொண்டவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மனிதத் தலைமுடியின் தடிமனோ 50 முதல் 70 மைக்ரான். பெரிய தூசியை மூக்கின் மயிரும் சளிப்படலமும் தடுத்து, இருமலும் தும்மலும் வெளியேற்றிவிடுகின்றன. நுண்துகளோ இந்தக் காவல்களைத் தாண்டி, மூச்சுக்குழலின் கிளைகள் முடியும் இடத்தில் திராட்சைக் கொத்துப்போல் அமைந்திருக்கும் நுண்ணறைகள்வரை இறங்கிவிடுகிறது. இரத்தமும் காற்றும் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் பரிமாறிக்கொள்ளும் அந்த இடத்தில் துகள் படியும்போது, அதை விழுங்கி அகற்ற வரும் காவல் செல்கள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் பரவுகின்றன. துகள்களிலும் மிகச் சிறியவை தாமே இரத்தத்துக்குள் புகுந்துவிடுகின்றன. இரத்தம் எளிதில் உறைவதும், நாளங்கள் விறைப்பதும், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதும் இதன் தொடர்விளைவுகள். காற்று மாசால் நேரும் மரணங்களில் பெரும்பகுதி மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேர்வதற்கு இதுவே காரணம்.

மூக்கை எட்டியபின் என்ன நேரும் என்பது அந்த மூக்குக்கு உரிய உடலைப் பொறுத்தது. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது, பெரியவரோ 12 முதல் 20 முறை. உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசிக்கும் தாயைவிடக் குழந்தையே மிகுதியான மாசை உட்கொள்கிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு, குழந்தையின் நுரையீரல் இன்னும் கட்டி முடிக்கப்படாத வீடு என்பதாகும். நுண்ணறைகளின் பெரும்பகுதி பிறந்த பிறகே, முதல் சில ஆண்டுகளில் உருவாகிறது. நுரையீரலின் கொள்ளளவு பதின்ம வயது முடியும்வரை வளர்கிறது. வளர்ந்தவரின் நுரையீரலில் மாசு ஏற்படுத்துவது தேய்மானம் என்றால், குழந்தையிடம் அது வளர்ச்சியையே குறைத்துவிடுகிறது. இளமையில் எட்டத் தவறிய கொள்ளளவைப் பின்னாளில் ஈடுசெய்வது அரிது, அந்தக் குறையோடுதான் அவர் முதுமைக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

இதற்கு மிக உறுதியான சான்றைத் தந்தது தென் கலிபோர்னியாவின் 12 ஊர்களில் 1993இல் தொடங்கிய சிறார் நல ஆய்வு. 10 வயதில் சேர்க்கப்பட்ட 1,759 சிறாரை 18 வயதுவரை ஆண்டுதோறும் சோதித்த ஆய்வாளர்கள், ஒருவர் தம் பலத்தையெல்லாம் கூட்டி ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவைப் பதிவுசெய்தார்கள்; அந்த அளவு, வயதுக்கும் உயரத்துக்கும் உரிய எதிர்பார்ப்பில் 80 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் அது மருத்துவக் கவனத்துக்குரிய குறைபாடு. 2004இல் வெளியான முடிவின்படி, நுண்துகள் மிகக் குறைந்த ஊரில் 1.6 சதவீத இளைஞர்களிடமும், மிக மிகுந்த ஊரில் 7.9 சதவீத இளைஞர்களிடமும் இக்குறைபாடு காணப்பட்டது. பிற்காலத்தில் வாகன விதிகள் இறுகி அப்பகுதியின் காற்று தெளிந்தபோது அதே ஆய்வு புதிய தலைமுறைச் சிறாரையும் அளந்தது; 15 வயதில் இக்குறைபாடு உடையவர்களின் பங்கு முதல் குழுவில் 7.9 சதவீதமாக இருந்து, கடைசிக் குழுவில் 3.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. சட்டம் இயற்றுபவர்களின் முடிவு ஒரு தலைமுறையின் மார்புக்கூட்டில் அளக்கக்கூடிய மாற்றமாகப் பதிவாவது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை.

மாசு குறைந்தால் குழந்தைகளின் நோயும் குறையும் என்பதைத் திட்டமிடாமலே சோதித்துக் காட்டிய நிகழ்வுகளும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் இருந்த ஓர் எஃகு ஆலை, தொழிலாளர் தகராறால் 1986 ஆகஸ்டு முதல் ஏறத்தாழ ஓராண்டு மூடப்பட்டிருந்தது. ஆர்டன் போப் என்னும் பொருளாதார அறிஞர் அவ்வட்டார மருத்துவமனைப் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆலை இயங்கிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சியாலும் ஆஸ்துமாவாலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்ததை 1989இல் வெளியிட்டார். அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சுங்கச்சாவடிகளில் வண்டிகள் நின்று பணம் செலுத்தும் முறை மாறி, நிற்காமலே கட்டணம் பிடிக்கும் மின்னணு முறை வந்தபோது, சாவடியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மார்களிடையே குறைமாதப் பிரசவம் ஏறத்தாழ 11 சதவீதமும் எடை குறைந்த பிறப்பு ஏறத்தாழ 12 சதவீதமும் குறைந்தன என்று ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் 2011இல் காட்டினார்கள். 2008இல் ஒலிம்பிக் போட்டிக்காகப் பெய்ஜிங் நகரம் ஆலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்திய வாரங்கள் கருவின் எட்டாம் மாதத்தோடு பொருந்திவந்த குழந்தைகள், மற்ற ஆண்டுகளில் அதே காலத்தில் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தார்கள்.

கடைசி இரு நிகழ்வுகளும் சுட்டுவது இன்னும் பிறக்காத உயிரை. தாய் சுவாசிக்கும் மாசு கருவை எவ்வாறு பாதிக்கிறது என்ற கேள்விக்கு, தாயின் உடலில் எழும் அழற்சியும் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவதுமே நெடுநாள் விடையாகச் சொல்லப்பட்டன. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நஞ்சுக்கொடியில் கருவை நோக்கிய பக்கத்திலேயே கரித்துகள்கள் தங்கியிருப்பதை 2019இல் கண்டறிந்தார்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், கருவின் கல்லீரலிலும் நுரையீரலிலும் மூளையிலும்கூட அத்துகள்கள் இருந்ததைப் பதிவுசெய்தார்கள். முதல் மூச்சை இழுக்கும் முன்பே ஒரு நுரையீரலில் கரி படிந்திருக்கிறது என்றால், காக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதில் இனி ஐயத்துக்கு இடமில்லை.

வாழ்வின் மறுமுனையில் இருக்கும் முதியவர்களிடம் காரணம் வேறு. இருப்பில் இருக்கும் வலிமை குறைந்துபோன இதயமும் நுரையீரலும் சிறு கூடுதல் சுமையைக்கூடத் தாங்குவதில்லை. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள்கள் மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தில் மாண்ட ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் முதியவர்களும் ஏற்கனவே நெஞ்சு நோய் உடையவர்களும் என்பது அப்போதே தெரிந்தது. அதே நகரில் 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, பேரிடர் எதுவுமில்லாத சாதாரண நாளில் என்ன நிகழ்கிறது என்பதைக் காட்டியது. 60 வயது கடந்த 119 பேரை, அவர்களுள் சிலர் உடல்நலம் உடையவர்கள், சிலர் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள், சிலர் இதய நோயாளிகள், ஒரு நாள் ஹைட் பார்க் பூங்காவிலும் மற்றொரு நாள் டீசல் பேருந்துகளும் வாடகைக் கார்களும் நிறைந்த ஆக்ஸ்ஃபோர்டு வீதியிலும் இரண்டு மணி நேரம் நடக்கச் செய்தார்கள். பூங்காவில் நடந்தவர்களின் நுரையீரல் திறன் மேம்பட்டது, நாளங்களின் விறைப்பு தளர்ந்தது. வீதியில் நடந்தபோது அந்த நன்மை பெரிதும் மறைந்துபோயிற்று. நடைப்பயிற்சி செய்யுங்கள் என்ற மருத்துவ அறிவுரையை ஒரு முதியவர் எந்தத் தெருவில் நின்று பின்பற்றுகிறார் என்பதும் மருத்துவத்தின் பகுதியே என்பதை அந்த ஆய்வு உணர்த்தியது. பூங்காவுக்கும் வீதிக்கும் இடையே சில நிமிட நடைத் தொலைவுதான், நகரின் குறியீட்டு எண் இரண்டுக்கும் ஒன்றே.

மீண்டும் அடுப்புக்கு வருவோமானால், உள்ளாகும் அளவு, உடலின் நிலை என்னும் இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பது அங்கேதான். ஊதுகுழலைப் பிடித்துக் குனிந்திருக்கும் பெண் கருவுற்றிருக்கலாம், அவள் இடுப்பில் கைக்குழந்தை இருக்கலாம், அருகிலேயே முதிய மாமியார் அமர்ந்திருக்கலாம். தமிழ்நாட்டில் இதுபற்றி நீண்டகாலமாக ஆய்வு செய்துவருபவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். அவரது குழு தமிழ்நாட்டில் 1,285 கருவுற்ற பெண்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்தில் தாய் உள்ளாகும் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பெடை ஏறத்தாழ 4 கிராம் குறைகிறது என்று கண்டறிந்தார்கள். 4 கிராம் என்பது தனியொரு குழந்தைக்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். ஆனால் விறகடுப்பு வீடுகளில் கூடுதல் 10 மைக்ரோகிராமோடு நிற்பதில்லை, நூற்றுக்கணக்கில் ஏறக்கூடியது.

அப்படியானால் விறகை அகற்றிவிட்டு எரிவாயுவைக் கொடுத்தால் எடை கூடிவிடுமா என்ற கேள்வியை நேரடியாகச் சோதிக்க, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களைக் கொண்டு ஒரு பெரும் ஆய்வு நடத்தப்பட்டது. இந்தியாவில் அதற்குரிய களம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களின் சிற்றூர்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்கான எரிவாயுவும் வீடு தேடி இலவசமாக வழங்கப்பட்டன. மற்றவர்கள் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள். எரிவாயு பெற்ற பெண்கள் உள்ளான நுண்துகள், நடுவளவாகப் பார்த்தால், கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது, விறகு வீடுகளில் அது ஏறத்தாழ 71 மைக்ரோகிராமாக இருந்தது. இவ்வளவு இறங்கியும், 2022இல் வெளியான முடிவில் இரு குழுக்களின் குழந்தைகளுக்கிடையே பிறப்பெடை வேறுபாடு 20 கிராம் அளவிலேயே இருந்தது. அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவு. குழந்தைகளின் முதலாண்டில் கடுமையான நிமோனியாவும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

எதிர்பார்ப்புக்கு மாறான இந்த முடிவை மறைத்துப் பேசுவதோ, இதைக் காட்டி எரிவாயுவால் பயனில்லை என்று வாதிடுவதோ அறிவியலுக்குப் பொருந்தாது. பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டது கருவுற்ற 9 முதல் 20 வாரத்துக்குள். நஞ்சுக்கொடி உருவாகும் தொடக்க வாரங்கள் அதற்குள் கடந்துவிட்டன. தாயின் ஊட்டமும் இரத்தசோகையும் தொற்றும் பிறப்பெடையை முடிவு செய்வதில் பெரும்பங்கு வகிக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மாசுக்கும் கேட்டுக்கும் உள்ள உறவு நேர்கோடாக இருப்பதில்லை. தெருக்காற்று, அடுப்புப் புகை, சிகரெட் புகை ஆகியவற்றின் ஆய்வுகளை ஒரே வரைபடத்தில் இணைத்தபோது, பல நோய்களுக்கு அந்தக் கோடு குறைந்த செறிவுகளில் செங்குத்தாக ஏறி, மிகுந்த செறிவுகளில் சாய்ந்து தட்டையாவது தெரியவந்தது. 300 மைக்ரோகிராமை 150 ஆக்கினால் கிடைக்கும் நன்மை சிறிது, 30ஐ 10 ஆக்கினால் கிடைப்பது பெரிது. அதாவது மிகக் கடுமையான புகையில் வாழும் ஏழைப் பெண்ணுக்கு அரைகுறை மாற்றம் அரைகுறைப் பயனைக்கூடத் தருவதில்லை. அவள் காற்று முழுவதுமாகத் தெளிந்தாக வேண்டும். தன் அடுப்பைப் புகையில்லாததாக்கினாலும் பக்கத்து வீட்டின் விறகுப் புகையும் தெருவில் எரியும் குப்பையும் சாலை வாகனமும் அவள் வாசலுக்குள் வரும்வரை, தனியொரு வீட்டுக்குத் தரும் அடுப்பு அவளை அந்த எல்லைக்குக் கொண்டுசேர்க்காது. உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம். எரிவாயு பெற்ற வீடுகளின் 24 மைக்ரோகிராமே அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் 2019க்குள் 8 கோடி வீடுகளுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டுசேர்த்தது, இந்திய நலத்திட்டங்களில் பெண்களின் நுரையீரலைக் கருதிய மிகப் பெரிய முயற்சி அது. ஆனால் இணைப்பு வந்த பல வீடுகளில் விறகடுப்பு அணைந்துவிடவில்லை. தேநீருக்கும் குழம்புக்கும் சிலிண்டர், குளிக்க வெந்நீருக்கும் மாட்டுக்குத் தீனி காய்ச்சவும் விறகு என்று பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்துக்குக் காரணம் அறியாமை என்று கருதுவது அநியாயம். அடுத்த சிலிண்டர் வாங்கும் காசை எண்ணிப்பார்க்கும் சிக்கனமே அது. சுள்ளி பொறுக்கக் காசு வேண்டாம், அதற்கான விலையைச் செலுத்துவது சமைக்கும் பெண்ணின் நுரையீரல்.

இவ்வளவு அறிந்த பின்னும் பொதுக் கொள்கை பெரும்பாலும் சராசரி மனிதரை நோக்கியே பேசுகிறது. நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2014இல் அறிமுகமான இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் 101 முதல் 200 வரையிலான பிரிவு 'மிதமானது' எனப் பெயர்பெற்றிருக்கிறது; அதே பிரிவின் விளக்கத்தில் ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உடையவர்களுக்கு மூச்சுத் திணறலும், இதய நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உடல் சங்கடமும் ஏற்படலாம் என்று கூறப்படுகிறது. குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் கூட்டிப் பார்த்தால் அது எந்த ஊரின் மக்கள்தொகையிலும் பெரும்பங்காகிவிடும். அவர்களுக்குக் கேடு விளைக்கும் காற்றை மிதமானது என்று அழைப்பது எந்த மனிதரை அளவுகோலாகக் கொண்டு என்னும் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

சட்டமும் மருத்துவமும் தனியொருவரின் மூச்சை நோக்கித் திரும்பிய தருணம் ஒன்று உண்டு. தென்கிழக்கு லண்டனில் வாகனம் மிகுந்த சாலையருகே வாழ்ந்து, கடும் ஆஸ்துமாவால் 2013இல் தன் 9ஆம் வயதில் இறந்த ஒரு சிறுமியின் மரணத்தை மறுவிசாரணை செய்த அதிகாரி, 2020 டிசம்பரில் மரணத்துக்கான காரணங்களுள் ஒன்றாகக் காற்று மாசைப் பதிவுசெய்தார். பிரிட்டனில் ஒருவரின் மரணப் பதிவில் அவ்வாறு இடம்பெற்றது அதுவே முதன்முறை. அவ்வாறு தனித்தனியே பதிவாகாத மரணங்களையும் சேர்த்துப் பார்த்தால், 2021ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டில் காற்று மாசோடு தொடர்புடைய மரணங்கள் 81 லட்சம், அவற்றுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 7 லட்சத்துக்கும் மேல்.

விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் நடந்த ஆய்வில் தாய்மார்கள் அளவுக் கருவியை உடுப்போடு அணிந்துகொண்டார்கள். பிறந்த குழந்தையின் உடலிலோ அந்தக் கருவியைக் கட்ட முடியாது. எனவே ஆய்வாளர்கள், குழந்தையின் உடையில் எடை குறைந்த ஒரு சிறு குறிப்பலைக் கருவியை வைத்து, அது இருக்கும் இடம் தாயின் அருகிலா, சமையலறையிலா, வேறு அறையிலா என்பதைக் கண்டறிந்து, அந்தந்த இடத்தின் காற்றில் அளந்த துகளைக் கொண்டு குழந்தை சுவாசித்ததைக் கணக்கிட்டார்கள். இந்த நூற்றாண்டில்தான், அடுப்புக்கும் ஒரு கைக்குழந்தையின் மூக்குக்கும் இடையிலான தூரத்தை ஒருவர் அளக்கத் தொடங்கியிருக்கிறார்.